நாலு மூலைத் தண்ணீர்

வட்டத்துக்கு எப்போதும் நல்ல பெயர்தான். முனை கிடையாது, குத்தாது, அழுக்கு ஒளிந்துகொள்ள இடம் தராது. சதுரத்தை அப்படி யாரும் புகழ்ந்து கேட்டதில்லை. மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில் தண்ணீர் ஏற்றும் வேலை பார்த்துவந்த ஒருவர், வெகுகாலம் வட்டத்தின் கட்சியில்தான் இருந்தார். அந்தக் கட்சி ஜெயித்த பிறகுதான் அவருக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது.

அவரை எல்லோரும் மோட்டார் அண்ணன் என்பார்கள். அவரைவிட மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள்; பட்டம் என்று வந்துவிட்டால் அதில் வயதைப் பார்க்க முடியாதல்லவா. முன்பு ஒரு நூற்பாலையில் இரவு முறை பார்த்தவர். ஆலை மூடிப் பல காலம் ஆகியும் அந்த இரவுகளின் அசதி மட்டும் இன்னும் வேலையிலிருந்து நிற்கவில்லை. உட்காரும் முன் ஒரு பெருமூச்சு, உட்கார்ந்த பின் இன்னொன்று. கண்ணிமை பாதியிலேயே நிற்கும். பார்க்கிறவர்கள் இப்போதுதான் எழுந்து வருகிறார் என்று நினைப்பார்கள். ஆனால் வேலை நேரத்தில் அவர் ஒருநாளும் கண்ணயர்ந்ததில்லை. தூங்குகிறவர்கள் பலர் விழிப்பான முகத்தோடு சம்பளம் வாங்கும் உலகத்தில், தூங்காத இவருக்குத் தூங்குமூஞ்சி வாய்த்தது.

வேலையோடு ஒரு அறையும் உண்டு. மோட்டார் அறைக்குப் பக்கத்தில், மாடிப்படிக்கு அடியில். படி இறங்கும் கோணத்திலேயே கூரையும் இறங்குவதால் பாதி அறையில்தான் நிமிர்ந்து நிற்கலாம். அந்தப் பாதியில் அவருடைய மனைவியின் தையல் மெஷின் இருந்தது. குனிய வேண்டிய பாதி அவருக்கு. மனைவி ஒரு நாற்காலிக் கடைக்கு வட்டத் திண்டுகளுக்கு உறை தைத்துக் கொடுத்தாள். சதுரத் துணியை விரித்து, தட்டைக் கவிழ்த்துக் கோடு போட்டு, வட்டமாக வெட்டுவாள். நாலு மூலையிலும் மிஞ்சும் துண்டுகளை ஒரு சாக்கில் போடுவாள். சாக்கு நிறைந்தால் தலையணை. மோட்டார் அண்ணன் தலை வைத்துப் படுத்ததெல்லாம் அந்தத் துண்டுகளின் மேல்தான்.

தண்ணீர் விடியற்காலையில் தெருக்குழாயிலிருந்து கீழ்த்தொட்டிக்கு வரும். அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு தடவைதான் மோட்டார் ஓடலாம் என்பது கட்டட விதி. யார் போட்டார்கள், எதற்குப் போட்டார்கள் என்று தெரியாததால் அதை மாற்றவும் யாருக்கும் தோன்றவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு அவர் படியேறுவார். தொட்டியின் பக்கத்தில் நிற்பார். தண்ணீர் விளிம்பைத் தொட்டதும் குழாயில் ஸ்பேனரால் இரண்டு தட்டு. அந்தக் குழாய் அவர் அறைச் சுவரை ஒட்டித்தான் கீழே இறங்குகிறது. சத்தம் வந்ததும் மனைவி கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போய் மோட்டாரை அணைப்பாள். அவர்களுக்குள் ஒரு நாளில் நடக்கும் மிகத் தெளிவான பேச்சு அதுதான்.

பழைய தொட்டி சிமெண்டில் கட்டிய சதுரம். மாதம் ஒருமுறை அதை வற்றவைத்து உள்ளே இறங்குவார். நடுப்பகுதியைத் துடைப்பத்தால் நின்றபடியே தள்ளிவிடலாம். மூலைகள் அப்படி விடாது. மண்டியிட்டு, கம்பி பிரஷ்ஷோடு தலையை மூலைக்குள் கொடுத்து, பாசியைச் சுரண்ட வேண்டும். ஒரு மூலை முடிந்தால் அடுத்தது காத்திருக்கும். ஏறி வெளியே வரும்போது முதுகு நிமிர மறுக்கும். “மூலையக் கண்டுபிடிச்சவன் கையில கிடைக்கட்டும்” என்று பல வருஷமாகச் சொல்லிவந்தார். தொட்டியில் விரிசல் விட்டு, இடித்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்று குடியிருப்போர் சங்கம் முடிவெடுத்தபோது, வட்டத்தொட்டி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதே அவர்தான். அவர் அந்தக் கட்டடத்தில் ஒன்று வேண்டும் என்று கேட்டது அதுவே முதல் தடவை.

சங்கத்தின் செயலாளர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பார்க்காமல் வாங்க மாட்டார். மேடையின் அகலத்தை அளந்தார், பழைய தொட்டியின் உயரத்தையும் அளந்தார். கடைக்காரரோ, ஒரே அளவு பிளாஸ்டிக்கை எடுத்து எந்த வடிவத்தில் செய்தாலும் வட்டம்தான் அதிகம் கொள்ளும், இது சயின்ஸ் என்றார். அது உண்மை. செயலாளரும் பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்து தலையாட்டினார். அதே அகலம், அதே உயரம், அதற்கு மேல் வட்டம் என்ற சலுகை வேறு. கறுப்பு நிறத்தில் ஒன்று வந்து மேடையில் கச்சிதமாக உட்கார்ந்தது. நாலு பக்கமும் மேடை விளிம்பைத் தொட்டது.

குழாய் பொருத்த வந்தவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: “வட்டத்துக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம்?” யாருக்கும் தெரியவில்லை. அதனால் தொட்டி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் குழாயைத் தமக்கு வசதியான பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பக்கம் கீழே பார்த்தால் கார் கழுவும் ஷெட். அதை நடத்துகிறவர் மோட்டார் அண்ணனின் மச்சினன், மனைவியின் தம்பி.

முதல் மாதம் தொட்டிக்குள் இறங்கிய மோட்டார் அண்ணன், ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மண்டியிடாமலே வெளியே ஏறினார். அன்றைக்கு மனைவியிடம் சிரித்துப் பேசியதாகச் சொல்வார்கள்.

ஆனால் அதற்குள் தண்ணீர் பற்றாமல் போக ஆரம்பித்திருந்தது. காலையில் விளிம்பு வரை நிற்கும் தண்ணீர், முன்பெல்லாம் இரவு படுக்கும்வரை வரும். இப்போது மாலை ஆகும்முன் குழாய்கள் இருமின. அதில் அதிகம் அடிபட்டவர் மூன்றாவது மாடியில் இருந்த பல் டாக்டரம்மா. சாயங்காலம் வேலை முடிந்து வந்து தலை குளிப்பது அவருடைய ஒரே ஆடம்பரம். ஒருநாள் படிக்கட்டின் மேலிருந்து, தலையில் துண்டோடு, அவர் குரல் கேட்டது.

“அண்ணே, தலை முழுக்க நுரையோட நிக்கிறேன். குழாயத் திறந்தா காத்துதான் வருது.”

மோட்டார் அண்ணன் தம் வீட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார். இறங்கி வந்ததும் இரண்டு பெருமூச்சுக்குப் பதிலாக மூன்று விட்டார்.

குழாய்களைப் பார்த்தார், ஒழுக்கு இல்லை. தொட்டியைச் சுற்றித் தடவிப் பார்த்தார், ஈரமில்லை. தினமும் தம் கையாலேயே விளிம்பு வரை நிரப்புகிறார், அது குறைகிறது. கடைசியில், சண்டை வேண்டாமே என்று, விதியை மீறி மத்தியானம் யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து இன்னொரு தடவை மோட்டாரைப் போட்டார். நல்ல எண்ணத்தில் செய்ததை ஒளித்துச் செய்தார். பின்னால் வந்த வம்புக்கெல்லாம் அந்த ஒளிப்பு போதுமானதாக இருந்தது.

அன்று பல் டாக்டரம்மா மத்தியானமே வீடு திரும்பியிருந்தார். பால்கனியில் நின்றவருக்கு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. கீழே எட்டிப் பார்த்தால் ஷெட்டில் மச்சினனின் ஹோஸிலிருந்து தண்ணீர் பீறிட்டு அடித்துக்கொண்டிருந்தது. காதுக்கு ஒரு சாட்சி, கண்ணுக்கு ஒரு சாட்சி. இரண்டையும் கூட்டினால் வரும் விடையைத்தான் அவர் செயலாளரிடம் சொன்னார். யாராக இருந்தாலும் அப்படித்தான் கூட்டியிருப்பார்கள்.

செயலாளர் கூப்பிட்டு விசாரித்தார். மத்தியானம் மோட்டார் ஓடியதா என்றால் ஓடியது என்றார் மோட்டார் அண்ணன். போட்டது யார் என்றால் நான்தான் என்றார். காலையில் தொட்டி நிறையவில்லையா என்றால் நிறைந்துதான் இருந்தது என்றார். எதையும் மறுக்காத ஆளை நம்புவது கஷ்டம். மறுத்திருந்தாலாவது மடக்கிப் பார்த்திருக்கலாம்.

“அப்ப தண்ணி எங்கதான் போகுது?”

“அதான் சார் எனக்கும் புரியல.”

வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவரை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முடிவெடுப்பதாக ஏற்பாடு. வேலை போனால் அறையும் போகும். மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, மெஷினை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யோசித்தாள். போக்கிடம் என்றிருந்தது தம்பி வீடு ஒன்றுதான். அங்கே போனால், பார்த்தீர்களா என்று கட்டடமே கைகொட்டும். திருடவில்லை என்று நிரூபிக்கத் தெருவில் நிற்க வேண்டும். அந்தத் தம்பி கூரையின் கீழே போய்விட்டால் திருடன்.

இதில் வேடிக்கை, அந்த மச்சினனோடு அவருக்குப் பேச்சே இல்லை. ஷெட் ஆரம்பித்த புதிதில் ஒரு ஹோஸ் மட்டும் இழுத்துக்கொள்கிறேன் என்று அவன் கேட்டான். முடியாது, அடுத்தவர் தண்ணீர் என்று இவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் ஒரு லாரித் தண்ணீர்க்காரரிடம் வாங்கிக்கொண்டு, அக்காளோடு மட்டும் பேசினான். விஷயம் காதில் விழுந்ததும் ஷெட் வாசலில் வந்து நின்று, அவர் கடந்து போகும்போது வாயைத் திறந்தான்.

“ஒரு குடம் குடுக்காமயே திருட்டுப் பட்டம் வாங்கிட்டீங்களே மாமா. குடுத்திருந்தா நானாவது நாலு வண்டி கழுவியிருப்பேன்.”

அவருக்கு அவன் சொன்னது நியாயமாகவே பட்டது.

மனதில் பாறாங்கல் போல் உட்கார்ந்திருந்த அந்த வாரத்தில் அவர் செய்தது ஒன்றே ஒன்று. செயலாளரிடம் போய், ஒருநாள் முழுக்க மேலே வந்து உட்கார்ந்து நீங்களே பாருங்கள் என்றார். இரண்டாவது தடவையாக அவர் கேட்டது அது. முதல் தடவை கேட்டதன் பலன் என்ன என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

செயலாளர் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலி, குடை, ஃப்ளாஸ்க், செய்தித்தாள். தண்ணீர் விளிம்பைத் தொட்டதைக் குனிந்து பார்த்தார், ஸ்பேனர் இரண்டு தட்டுத் தட்டியது, மோட்டார் நின்றது. அதன்பின் இருவரும் காவல் இருந்தார்கள். செய்தித்தாளில் மரண அறிவித்தல்கள் வரை படித்து முடித்தார் செயலாளர். அவ்வப்போது மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். ஷெட் பக்கம் போகும் ரகசியக் குழாய் எதுவும் இல்லை. நிரம்பி வழியும் குழாய் காய்ந்து கிடந்தது. வீடுகளில் குளித்தார்கள், துவைத்தார்கள், பாத்திரம் கழுவினார்கள். வெயில் சாயும்போது தண்ணீர் தொட்டியின் அடியைத் தொட்டுவிட்டது. திருடன் யாரும் வரவில்லை, தண்ணீரும் இல்லை.

செயலாளர் நாற்காலியில் சாய்ந்து மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய தொட்டி நின்ற இடம் வெளுத்துச் சதுரமாகத் தெரிந்தது. அதற்குள் கறுப்பு வட்டம். வட்டத்துக்கு வெளியே, சதுரத்துக்கு உள்ளே, நாலு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சம் வெறும் சிமெண்ட். ஒன்றில் காக்கை இறகு, ஒன்றில் உடைந்த கோப்பை.

“இந்த மூலையில முன்னாடி என்ன இருந்துச்சு?”

“பாசி சார்.”

“பாசி சுவத்துல. ரெண்டு சுவத்துக்கு நடுவுல?”

“நடுவுலயா... அங்கதான் நான் மண்டி போட்டுச் சுரண்டுவேன். முதுகே போச்சு.”

“நீ இறங்காத நாள்ல?”

மோட்டார் அண்ணன் அந்த மூலையைப் பார்த்தார். இத்தனை வருஷம் முட்டியால் அளந்த இடம்.

“தண்ணிதான் சார்.”

“நாலு மூலையிலயுமா?”

“நாலு மூலையிலயும்.”

 செயலாளர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துச் செய்தித்தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். அகலத்தில் பாதியை எடுத்து அதை அதாலேயே பெருக்கினார், பள்ளியில் படித்த வட்டக் கணக்கின் ‘பை’யால் பெருக்கினார், பழைய சதுரத்தோடு ஒப்பிட்டார். ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே காணோம். மறுபடியும் போட்டார். மறுபடியும் காணோம். செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கூட்டம் வரைக்கும் இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, குடையை மறந்துவிட்டு இறங்கிப் போனார்.

மோட்டார் அண்ணன் மனைவியிடம் சொன்னார். யாரிடமும் என்பதில் மனைவி சேர்த்தி இல்லை என்பது அவர் கணக்கு. அவள் சாக்கை இழுத்து, மூலைத் துண்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

“தினமும் இதுமேலதானே தலைய வச்சுப் படுக்குறீங்க.”

“தெரிஞ்சா சொல்லக் கூடாதா?”

“தண்ணி பத்தலன்னு சொன்னீங்க. தொட்டி எப்படி இருக்குன்னு எப்பவாச்சும் சொன்னீங்களா? நான் என்னைக்கு மேல வந்து பார்த்தேன்?” பிறகு கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டாள்: “அந்த மனுஷன் கூட்டத்துல சொல்லுவாரா? சொன்னா, வாங்கினது அவரு தப்புன்னு ஆயிடுமே?”

அதை அவரும் யோசித்திருந்தார். யோசித்த அசதியில் தூங்கிப் போனார்.

கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. மோட்டார் அண்ணன் தூணோரம் நின்றார். அவர் மனைவி அறை வாசலில், நிமிர்ந்து நிற்க முடிந்த பாதியில் நின்றாள். செயலாளர் ஒரு துணிக்கொடிக் கயிற்றோடு வந்திருந்தார். கயிற்றின் இரண்டு முனையையும் முடிந்து, தரையில் சதுரமாக வைத்தார். அதே கயிற்றை இழுத்து வட்டமாக்கினார். வட்டம் பெரிதாக இருந்தது. பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. கடைக்காரர் சொன்னது இதுதான், அவர் பொய் சொல்லவில்லை என்றார். சுற்றளவு ஒன்றானால் வட்டம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகவே கொள்ளும். ஆனால் அந்த வட்டம் மேடையில் உட்காராது, எல்லாப் பக்கமும் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். மேடையில் உட்கார வேண்டுமானால் அகலம் ஒன்றாக இருக்க வேண்டும். அகலம் ஒன்றானால் சதுரம்தான் பெரிது. கயிற்றைத் திரும்பச் சதுரமாக்கி, அதன் நாலு பக்கத்தையும் தொடுகிற மாதிரி உள்ளே சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைந்து, மிஞ்சிய நாலு மூலையையும் செருப்பு நுனியால் காட்டினார்.

சபையில் பாதிப் பேருக்குப் புரிந்தது. புரியாத பாதி அதைவிடப் பலமாகத் தலையாட்டியது. பல் டாக்டரம்மா மட்டும் விடவில்லை.

“வட்டம் பெருசுங்கறீங்க. சதுரம் பெருசுங்கறீங்க. ரெண்டும் உண்மைன்னா எதுதான் சார் தப்பு?”

செயலாளர் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.  தவறு எதிர்த்தரப்பினருடையது என்று இன்சூரன்ஸ் கோப்புகளில் வாழ்நாளெல்லாம் எழுதிப் பழகிய கை அது.

“நான் வாங்கினதும்மா” என்றார்.

தூணோரம் நின்றவர் பெருமூச்சு விட்டது முன் வரிசை வரைக்கும் கேட்டது.

“தண்ணி எங்கன்னு கேட்டா மூலையில இருந்துச்சுங்கறீங்க. இப்ப மூலையே இல்லையே” என்றார் பல் டாக்டரம்மா.

“அதைத்தாம்மா நானும் சொல்றேன்.”

 புதுத் தொட்டியைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு நாளுக்கு ஒரு தடவைதான் என்ற விதியை மாற்றி, இனி மத்தியானமும் ஒருமுறை மோட்டார் போடலாம் என்று தீர்மானம் போட்டார்கள். மோட்டார் அண்ணன் வேலையில் தொடர்வார் என்று தனியாகத் தீர்மானம் போடவில்லை. மத்தியானம் மோட்டார் போட ஆள் வேண்டுமே என்பதில் அதுவும் அடங்கிவிட்டது. மன்னிப்பு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. கலைந்து போகும்போது பல் டாக்டரம்மா தூணோரம் நின்று, கடைவாய்ப் பல் ஆடுகிறது என்று சொன்னீர்களே, நாளைக்கு வாருங்கள், சும்மா பார்க்கிறேன் என்றார். எப்போது சொன்னோம் என்று மோட்டார் அண்ணனுக்கு ஞாபகமில்லை. ஆனால் பல் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

ஆக அவர் முதுகு தப்பித்தது, முழங்கால் மாட்டிக்கொண்டது. மாதம் ஒருமுறை மண்டியிட்டவர் இப்போது தினமும் இரண்டு தடவை மூன்று மாடி ஏறினார். மத்தியான வெயிலில் மொட்டைமாடியில் நிழல் என்று இருந்தது ஒரே இடத்தில்தான். தொட்டியின் நிழல் விழும் மூலை. காலை மடக்கி உட்கார்ந்தால் சரியாக ஓர் ஆள் கொள்ளும். முதுகுக்குப் பின்னால் தொட்டியின் வளைவு, உள்ளே ஏறும் தண்ணீரால் குளிர்ந்துகொண்டே வரும். எத்தனையோ வருஷம் சுரண்டித் திட்டிய அதே மூலை.

ஒருநாள் அங்கே உட்கார்ந்த அவர், ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி தூங்கிப்போனார். நூற்பாலை நாளிலிருந்து பாக்கி இருந்த தூக்கம் போலும். தண்ணீர் விளிம்பைத் தொட்டது, தாண்டியது. குழாயில் தட்டு விழாததால் கீழே மனைவி தைத்துக்கொண்டே இருந்தாள். நிரம்பி வழியும் குழாய் முதல் முறையாக நனைந்து, ஷெட்டின் தகரக் கூரைமேல் கொட்டியது. மச்சினன் வெளியே வந்து பார்த்தான். மேலே பார்த்தான். ஓடிப்போய் டிரம்மை இழுத்துக்கொண்டு வந்து கூரை விளிம்புக்கு அடியில் வைத்தான். அவர்மீது சொன்ன குற்றம் அந்த அளவில் உண்மையும் ஆயிற்று.

டிரம் நிறைகிற சத்தத்தில்தான் அவர் விழித்திருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மச்சினன் அடுத்த டிரம்மை உருட்டிக்கொண்டிருந்தான்.

“ஒண்ணும் அவசரமில்ல மாமா” என்றான். “மெதுவா எந்திரிங்க.”